மூடி ஆடிய சனிக்கிழமை

எங்கள் சங்கத்து ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று போன மாதம் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். நான் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்த செங்கல்பட்டுப் பணிமனையில் இப்போது இருப்பவர்கள். இன்றைக்கு வண்டி உள்ளே வந்ததும் ஒரு ஒயரைச் செருகுகிறார்கள், எங்கே கோளாறு என்று வண்டியே திரையில் எழுதிக் காட்டிவிடுகிறது. "அண்ணே, உங்க காலத்துல கைய வச்சே இன்ஜின் நல்லா கீதா இல்லியான்னு சொல்லுவீங்களாமே, அத எழுதுங்க" என்றார்கள். பெருமையடித்துக்கொள்வேன் என்று நினைத்திருப்பார்கள். என் கை சொன்ன ஒரு பொய்யைத்தான் எழுதப் போகிறேன். பிடிக்காவிட்டால் அந்தப் பக்கத்தில் டயர் விளம்பரம் போட்டுக்கொள்ளட்டும்.

நான் சிங்கப்பெருமாள் கோயில்காரன். அப்பா அங்கே கோயில் மடப்பள்ளியில் தளிகை செய்தவர். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு நான் கிரீஸில் கை வைத்ததை ஏதோ வியாதி வந்தவனை விசாரிப்பதுபோல் கடைசிவரை விசாரித்துக்கொண்டிருந்தார். முதல் நாலு வருஷம் மற்றவர்களுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன். அடுத்த நாலு வருஷம் நானே பிடித்தேன். அந்த எட்டு வருஷத்தைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை.

எங்கள் ஃபோர்மேன் சபாபதி, அச்சரப்பாக்கத்துக்காரர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. பிரியமாக இருந்தால் 'நீ' என்பார், கோபம் வந்தால் 'நீங்க'. "நீங்க கொஞ்சம் இப்டி வாங்க" என்று அவர் யாரையாவது கூப்பிட்டால் ஷெட்டில் ரேடியோவை அணைத்துவிடுவார்கள்.

சனிக்கிழமை காலைதான் எங்கள் ஷெட்டுக்குத் திருவிழா. பழைய கார் வாங்குகிறவர்கள், விற்கிறவர்கள், நடுவில் நிற்கிற தரகர்கள் எல்லாரும் வந்துவிடுவார்கள். இன்ஜினை ஓடவிட்டு, மேலே ஆயில் ஊற்றும் வாயின் மூடியைத் திருகி எடுத்து, அதைத் தலைகீழாக அந்த வாயின் மேலேயே சும்மா வைப்பார்கள். மூடி அசையாமல் உட்கார்ந்திருந்தால் நல்ல இன்ஜின். தடதடவென்று ஆடினால், எகிறிக் கீழே விழுந்தால், உள்ளே தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். இதை நாங்கள் 'பேக் கம்ப்ரஷன்' என்போம். மூடி ஆடி முடித்ததும், உள்ளிருந்து காற்று அடிக்கிறதா என்று பார்க்க சபாபதி தன் உள்ளங்கையை அந்த வாயின்மேல் வைப்பார். சுற்றி நிற்கிற இருபது பேரும் அவர் முகத்தையே பார்ப்பார்கள். "அடிக்குது" என்பார், இல்லாவிட்டால் "அடிக்கல" என்பார். அதற்கு மேல் மேல்முறையீடு கிடையாது.

ஆனால் மூடியைத் தொடுவதற்கு முன் அவர் எப்போதும் ஒரு காரியம் செய்வார். குனிந்து, இன்ஜின் தலையிலிருந்து போகும் விரல் தடிமனான ரப்பர் குழாயை ஒரு பக்கம் கழற்றி, கட்டைவிரலால் அடைத்துப் பார்ப்பார். விரலை அது இழுக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டுவார். அதற்குப் பிறகுதான் மூடி. கோயிலுக்குள் நுழையும் முன் செருப்பைக் கழற்றுகிற மாதிரி அவருக்கு அது ஒரு பழக்கம் என்று நினைத்திருந்தேன். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் அவர் எதையும் சொல்கிறவரும் இல்லை.

அந்தக் குழாய் என்ன வேலை செய்கிறது என்று இங்கே சொல்லியாக வேண்டும். சிலிண்டருக்குள் பெட்ரோல் எரியும்போது அந்த நெருப்புப் புகை முழுவதும் பிஸ்டனை மட்டும் தள்ளிவிட்டுப் போய்விடுவதில்லை. எவ்வளவு புது இன்ஜினாக இருந்தாலும், பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்குகளின் ஓரமாகக் கொஞ்சம் நழுவி, கீழே ஆயில் கிடக்கும் அறைக்கு இறங்கிவிடும். அதில் எரியாத பெட்ரோலும் நீராவியும் இருக்கும். அங்கேயே தங்கினால் ஆயிலைக் கெடுத்துக் களியாக்கும். வழி இல்லாமல் சேரச் சேர அழுத்தம் ஏறி, ஆயில் சீல்களைப் பிதுக்கிக்கொண்டு வெளியே வரும். பழைய குண்டுக் கார்களில் இந்தப் புகையை ஒரு குழாய் வழியாக ரோட்டில் விட்டுவிடுவார்கள். பிறகு வந்த கார்களில் அதை வீணாக்குவதில்லை. இன்ஜின் காற்றை உறிஞ்சுகிற பக்கத்தோடு ஒரு குழாயை இணைத்து, இன்ஜினே தன் புகையைத் தானே இழுத்து மறுபடி எரித்துவிடும்படி செய்தார்கள். நடுவில் கட்டைவிரல் அளவு ஒரு வால்வு. சும்மா ஓடும்போது உறிஞ்சல் அதிகம், அப்போது வால்வு ஒடுங்கி அளவோடு விடும். மேடு ஏறும்போது புகை கூடும், அப்போது அகலத் திறக்கும். இன்னொரு குழாய் ஏர் ஃபில்டரிலிருந்து சுத்தமான காற்றை உள்ளே கொண்டுவரும். மடப்பள்ளியில் புகை போகக் கூரையில் ஒரு வழி, காற்று வரக் கீழே ஒரு வழி இருக்குமே, அதுபோலத்தான். இரண்டில் எதை அடைத்தாலும் தளிகை செய்கிறவருக்குக் கண் எரியும். அந்த வீட்டில் பிறந்த எனக்கே இது புரியாமல் போயிற்று.

தொண்ணூறுகளின் நடுவில் மாமல்லபுரத்திலிருந்து ஒரு கார் வந்தது. கடலைப் பார்த்த வீடு, வீட்டுக்காரர் தினமும் கடைத்தெருவரை போய்வர மட்டும் வண்டியை எடுப்பார். ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே மோர் நுரை மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தது, மூடியின் அடியில் துரு. வண்டி கொஞ்ச தூரமே ஓடினால் இன்ஜின் சூடேறாது, சூடேறாவிட்டால் உள்ளே இருக்கிற நீராவி அந்தக் குழாய் வழியாக வெளியேறாமல் தண்ணீராகித் தங்கிவிடும். விஷயம் அவ்வளவுதான். இன்று தெரிகிறது. அன்று நான் கடலைப் பார்த்தேன், துருவைப் பார்த்தேன், உப்புக் காற்றுதான் குழாய் வழியாக உள்ளே போகிறது என்று முடிவு கட்டிவிட்டேன்.

அதற்கு ஒரு மருந்தும் கண்டுபிடித்தேன். புதுப்பட்டினத்து ஏழுமலை என்று ஒரு டிரைவர் எங்களிடம் வருவார். அவர் வீட்டில் எல்லாரும் கடல் தொழில், அவர் ஒருவர்தான் ஸ்டீயரிங் பிடித்தவர். அவர் ஊரை ஒட்டிய கல்பாக்கம் குடியிருப்பில் இருந்துகொண்டு அணு ஆராய்ச்சி அலுவலகத்தில் வேலை பார்த்த விஜயலட்சுமி மேடத்திடம் ஆறு வருஷமாக ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் அவர் சாவிக்கொத்தில் ஒரு மிதவை தொங்கியது. தேய்ந்த ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டி, கயிறு போக நடுவில் ஓட்டை போட்டு, வலையில் கோப்பார்களே, அந்த மிதவை. அதைப் பார்த்ததும் எனக்குப் பொறி தட்டியது. கொஞ்சம் செதுக்கிக் குழாய்க்குள் சொருகினால் ஓட்டை வழியாகப் புகை போகும், உப்பும் மணலும் ரப்பரில் ஒட்டிக்கொள்ளும்!

"ஏழுமலை, இது மாதிரி கொஞ்சம் கிடைக்குமா?"

"இன்னா அண்ணாத்த, மீன் புடிக்கப் போறியா?" என்று சிரித்தார். மறுவாரம் அண்ணன் படகிலிருந்து ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொடுத்தார்.

கடற்கரையிலிருந்து வந்த பதினோரு வண்டிகளில், வருகிற குழாயில் ஒன்று, போகிற குழாயில் ஒன்று என்று சொருகினேன். வண்டிக்காரர்களிடம் 'கடல்காற்று ஃபில்டர்' என்று சொன்னேன். சந்தோஷமாகத் தலையாட்டினார்கள். சபாபதியிடம் மட்டும் சொல்லவில்லை. சொன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்பார், அதற்குப் பதில் தயார் செய்துகொண்டு சொல்லலாம் என்று தள்ளிப் போட்டேன். பதினொன்றில் ஒன்று மேடத்தின் கார்.

ஆறேழு மாதம் கழித்து ஏழுமலை வந்து, "அண்ணாத்த, அந்த மெதப்பு வச்சதுலேர்ந்து வண்டி ஒரு மாரி கீது. ஆயில் கசிஞ்சிகினே கீது, மூச்சு முட்டற மாரி ஓடுது. கொஞ்சம் பாரு" என்றார். கையில் வேறு வேலை இருந்தது. சீல் பழசாகியிருக்கும், அடுத்த சர்வீசில் மாற்றலாம் என்று அனுப்பிவிட்டேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னேன் என்பது இப்போதும் நினைவிருக்கிறது.

அடுத்து வந்தது அந்தச் சனிக்கிழமை. மகள் கல்யாணத்துக்காக சபாபதி ஒரு வாரம் லீவு. அவர் இடத்தில் நான். முதல் தடவையாக ஷெட்டில் எல்லாரும் என் முகத்தைப் பார்த்து நிற்கிறார்கள். ஏழுமலை ஓட்டிவர, மேடம் மகளையும் கூட்டிக்கொண்டு காரில் வந்து இறங்கினார். போர்டிகோ தரையெல்லாம் ஆயில், பின்னால் புகை, என்ன என்று பாருங்கள் என்றார். ஆயில் குச்சியை எடுத்தேன், நுனியில்தான் ஈரம். இன்ஜினை ஓடவிட்டு மூடியைக் கழற்றித் தலைகீழாக வைத்தேன். அது ஆடவில்லை, குதித்தது. பேட்டரிமேல் விழுந்து, அங்கிருந்து தரையில் உருண்டது. கூட்டத்தில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். நான் சபாபதியைப் போலவே நிதானமாகக் கையை வைத்தேன். குழாயைத் தொடவில்லை. அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத்தான் தெரியுமே.

"அடிக்குது" என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். "ரிங் போயிடுச்சு மேடம். இவ்ளோ சீக்கிரம் தானா போகாது. ஆயில் இல்லாம, சூட்டோட சூடா ஓட்டியிருக்காங்க."

ஏழுமலை பானெட் பக்கம் வந்தார். "இன்னா அண்ணாத்த சொல்ற நீ? தெனம் காலைல குச்சி எடுத்துப் பாக்காம நான் சாவி போட்டதே இல்ல. கொறைய கொறைய ஊத்திகினுதான கீறேன். ஒனக்கே சொன்னேனே, அந்த மெதப்பு..."

"ஏழுமலை, தப்பு பண்ணிட்டுக் கதை சொல்லாதே" என்றேன். இருபது பேர் முன்னால்.

மேடம் கோயம்புத்தூர்க்காரர், அதட்டிப் பேசத் தெரியாதவர். அவர் முகம் சிறுத்துவிட்டது. "ஆறு வருஷமா உங்கள நம்பித்தானுங்க வண்டியும் விட்டேன், எம் பொண்ணையும் அனுப்பினேன். ஆயில் பாத்தேன்னு தெனமும் பொய்யா சொன்னீங்க? சாவியக் குடுத்துருங்க." ஏழுமலை அந்தப் பெண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சாவியைக் கொத்திலிருந்து கழற்றி பானெட்மேல் வைத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தே போனார். மிதவை மட்டும் தொங்கும் அந்தக் கொத்து அவர் கையிலேயே இருந்தது.

சபாபதி திரும்பி வந்த பிறகுதான் இன்ஜினைப் பிரித்தோம். பிரித்தால் அளந்தே ஆக வேண்டும் என்பது அவர் சட்டம். சிலிண்டருக்குள் மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடம், ஒவ்வொரு இடத்திலும் குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று. மூன்று சிலிண்டருக்கும் பதினெட்டு அளவு. அவர் அளவெடுக்கும் கேஜை உள்ளே விட்டு நிதானமாக வாசிப்பார், நான் கரும்பலகையில் சாக்பீஸால் எழுத வேண்டும். ஐந்தாவது அளவை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். பதினெட்டும் புது இன்ஜின் அளவு. கம்பெனியில் இழைத்த குறுக்குக் கோடுகள்கூட சிலிண்டர் சுவரில் அழியாமல் இருந்தன. ரிங்குகளில் ஒரு குறையும் இல்லை. சூட்டில் ஓடிய அடையாளம் எங்கேயும் இல்லை.

சபாபதி துணியில் கேஜைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். "நீங்க அந்த ஹோஸ் ரெண்டையும் எடுத்துகினு வாங்க" என்றார். யாரோ போய் ரேடியோவை அணைத்தார்கள்.

குழாயின் ஒரு முனையை வாயில் வைத்து ஊதினார், காற்றுப் போகவில்லை. என்னிடம் நீட்டினார். "ஊதுங்க." ஊதினேன். கன்னம் வலித்ததுதான் மிச்சம். கம்பியை விட்டு இழுத்தேன். நான் சொருகியபோது சுண்டுவிரல் தடிமன் இருந்த ரப்பர், பெட்ரோலும் ஆயிலும் கலந்த அந்தப் புகையைக் குடித்துக் குடித்து வீங்கி, குழாய் வடிவத்துக்கே ஆகியிருந்தது. நடுவில் இருந்த ஓட்டை ஊசி நுழையாதபடி மூடிக்கொண்டிருந்தது. இரண்டு வழியும் அடைத்தால் நேற்று செய்த இன்ஜினும் மூடியை எகிறவைக்கும். எல்லாவற்றையும் சொன்னேன். சபாபதி முதலில் இரண்டு கேள்விதான் கேட்டார்.

"எத்தினி வண்டி?"

"பதினொண்ணு."

"அந்த டிரைவர் இன்னா சொன்னான்?"

அதையும் சொன்னேன். அவர் கைகழுவப் போனார், ரொம்ப நேரம் கழுவினார். திரும்பி வந்து, "மெஷின் வாயில்லாதது. அதுக்குப் பதிலா பேசறதுக்குத்தான் டிரைவர் கீறான். அவன் வந்து சொன்னப்போ நீங்க இன்னா பண்ணிகினு இருந்தீங்க?" என்றார். பணிமனை முதலாளிக்கு விஷயம் போனது. பேசாமல் புது ரிங் போட்டு, பிரித்ததை மறுபடி கூட்டிவிடுங்கள், வண்டி நன்றாக ஓடும், யாருக்கும் தெரியாது என்றார் அவர். "வண்டிய நான் கூட்டித் தரேன். பேச வேண்டியது அவரு" என்று சபாபதி என்னைக் காட்டினார். உண்மையைச் சொல்லவேண்டும் என்று எனக்குத் தானாகவே தோன்றியது என்று எழுத ஆசைதான். தோன்றவில்லை. முதலாளி சொன்ன வழிதான் எனக்கு இனித்தது. சபாபதி முகத்தில் மறுபடி விழிக்க வேண்டுமே என்றுதான் போனேன்.

மறுநாள் காலை பஸ் பிடித்து, வீங்கிய மிதவையைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு மேடத்தின் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னார், நான் உட்காரவில்லை. மிதவையை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். ஆராய்ச்சி செய்கிறவர் அல்லவா, முதலில் அதைத்தான் கேட்டார். "உள்ள வைக்கறதுக்கு முந்தி ஒரு நாள் ஆயில்ல ஊறப்போட்டுப் பாத்தீங்களாங்க?"

"இல்ல மேடம்."

"ஒரே ஒரு நாள் போதுமுங்களே" என்றார். மிதவையைத் திரும்பக் காகிதத்தில் மடித்தபடி, தனக்கே சொல்வதுபோல், "நானும் ஒரு நாள் பொறுத்திருக்கலாம். எம் பொண்ணு முன்னால அவரைப் பொய்யருன்னு சொல்லிட்டேன்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு செருப்பை மாட்டினார். இருவரும் புதுப்பட்டினத்துக்கு நடந்தோம்.

ஏழுமலை மீன் ஏலம் விடுகிற இடத்தில் அண்ணனுக்காக ஐஸ் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தார். இன்ஜினைக் கெடுத்தவன் என்ற பேச்சு அவருக்கு முன்னால் ஊர் வந்து சேர்ந்திருந்தது. குடியிருப்பில் இரண்டு வீட்டில் வேலை கேட்டிருக்கிறார், இருவரும் யோசித்துச் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள். நான் சொல்லி முடிக்கும்வரை பெட்டியைக் கீழே வைக்காமலே கேட்டார். மேடம் மன்னிப்புக் கேட்டபோது, "நீங்க இன்னா பண்ணுவீங்கமா, மெக்கானிக் சொன்னா நம்பித்தான ஆவணும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இங்க ஐஸ் பொட்டிகிட்ட சொன்னா யாருக்குத் தெரியும் அண்ணாத்த? எங்க சொன்னியோ அங்க வந்து சொல்லு."

சொன்னேன். அடுத்த சனிக்கிழமை, அதே கூட்டம், அதே கார். சபாபதி இன்ஜினைக் கூட்டியிருந்தார். பழைய ரிங்குகளேதான், புதிதாகச் சீல்களும் சுத்தம் செய்த இரண்டு குழாய்களும் மட்டும். ஏழுமலை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து சுவர் ஓரமாக நின்றார். மேடத்தின் மகளும் வந்திருந்தாள். இன்ஜினை ஓடவிட்டு மூடியைத் தலைகீழாக வைத்தேன். அது அசையவில்லை. மூடியை எடுத்துவிட்டு, காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து அந்த வாயின்மேல் போட்டேன். இன்ஜின் அதை மெல்ல இழுத்து ஒட்டவைத்துக்கொண்டது. "இன்ஜின்ல குறையே இல்ல. நான் குழாய அடைச்சுட்டேன். ஏழுமலை முன்னாடியே வந்து சொன்னாரு, நான் கேக்கல. அவர் ஆயில் இல்லாம ஓட்டினாருன்னு சொன்னது பொய்" என்றேன். யாரும் உச்சுக்கொட்டவில்லை. ஏழுமலை முன்னால் வந்து அந்தத் தாளின்மேல் தன் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். தலையாட்டிவிட்டு, மேடம் நீட்டிய சாவியை வாங்கிக்கொண்டார்.

மற்றப் பத்து வண்டிகளுக்கும் சபாபதி என்னிடம் பட்டியல் எழுதி வாங்கினார். வேலை நாளில் போகக்கூடாது, என் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் போகவேண்டும் என்றார். கடற்கரைச் சாலையில் பஸ் மாறிப் பஸ் மாறி, வீடு வீடாகப் போய் என் ஃபில்டரை நானே பிடுங்கினேன். மாமல்லபுரத்தில் ஒருவர் விடவே மாட்டேன் என்றார். "அது வச்சதுலேர்ந்துதான் வண்டி சூப்பரா ஓடுது" என்று என்னிடமே வாதாடினார். பத்தாவது வண்டியை முடித்துவிட்டு வந்த திங்கட்கிழமை சபாபதி என்னைப் பார்த்து, "டீ குடிச்சியா?" என்றார். மறைவாகப் போய் அழுதேன்.

அதற்குப் பிறகு சபாபதியின் இடம் எனக்கு வந்தது. ரிட்டயர் ஆகும்வரை, குழாயைக் கட்டைவிரலால் பார்க்காமல் நான் ஒரு மூடியையும் திறந்ததில்லை. ஏழுமலை மேடத்திடமே வேலை பார்த்தார். அந்தக் கார் போய் அடுத்த கார் வந்தும் சர்வீசுக்கு எங்களிடம்தான் கொண்டுவந்தார். ஒரு குறையும் வைக்கவில்லை. முன்பெல்லாம் இறங்கும்போதே ஆரம்பித்துவிடுவார், அண்ணாத்த, மூணாவது கியர்ல ஒரு சத்தம், அண்ணாத்த, பிரேக் போட்டா எடது பக்கம் இழுக்குது என்று. அந்தச் சனிக்கிழமைக்கு அப்புறம் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். நானே போய்க் கேட்பேன், வண்டியில் ஏதாவது தெரிகிறதா ஏழுமலை என்று.

"நீங்களே பாத்துக்குங்க சார்" என்பார்.

நான் ஓய்வு பெற்ற அன்று புதுப்பட்டினத்திலிருந்து வந்திருந்தார். எனக்குச் சால்வை போர்த்தினார், இலை போட்டுச் சாப்பிட்டார், போட்டோவுக்கு என் பக்கத்தில் நின்றார். கேட்டுவரை கூடவே நடந்தேன். ஸ்டாண்டில் செங்கல்பட்டு – கல்பாக்கம் பஸ் கிளம்பத் தயாராக இருந்தது. படியில் ஏறித் திரும்பிப் பார்த்தார். இப்போதாவது 'அண்ணாத்த' என்று சொல்வார் என்று நின்றேன்.

"வரேன் சார்" என்றார்.